கை முதலில் போகும் இடம்

நின்றுபோன எஞ்சினைத் திருத்துவது சுலபம். தீப்பொறி இல்லை, அல்லது எண்ணெய் வரவில்லை, அல்லது உள்ளே ஏதோ இறுகிவிட்டது. தேடினால் அகப்பட்டுவிடும். ஓடிக்கொண்டே நொண்டும் எஞ்சின் அப்படியல்ல. கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொள்கிறது. புகை வருகிறது, புரொப்பெல்லர் சுற்றுகிறது, படகும் நகர்கிறது. ஆனால் மெதுவாக ஓடவிட்டால் படகின் பின்பலகையே நடுங்க உதறுகிறது. கைப்பிடியைத் திருகினால் ஒரு கணம் திணறி, இருமி, பிறகுதான் வேகம் எடுக்கிறது. ஓடுகிறது என்பதே அதன் நோயை மறைத்துவிடுகிறது. இப்படியான எஞ்சின்கள் வருடக்கணக்கில் இப்படியே ஓடுகின்றன. அதன் சுபாவமே அதுதான் என்று சொந்தக்காரர் பழகிவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த எஞ்சின் ஒன்றை வைத்து இதை எழுதுகிறேன். ஜோன்சன் ‘சீ ஹோர்ஸ்’, 5.5 குதிரைவலு, 1950களின் பிற்பகுதியில் வந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 145 கன சென்றிமீற்றர். ஒருவர் தனியாகத் தூக்கிச் சிறிய படகில் மாட்டிவிடலாம். ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, கவார்த்தா ஏரிகளின் பக்கம் போனால் பழைய வீடுகளின் கராஜ்களில் இந்த வகை எஞ்சின்கள் இன்னும் மரச்சட்டங்களில் மாட்டிக் கிடக்கும். ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்களைச் செய்த கனடியத் தொழிற்சாலை அங்கே பீற்றர்பரோ நகரில்தான் இருந்தது. ஒட்டொனபீ ஆறு அந்த ஊரைக் கடந்து றைஸ் ஏரியில் விழுகிறது. கோடை வந்தால் ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் நம்மவர்கள் தூண்டிலோடு போகும் ஏரிகளில் அதுவும் ஒன்று. இந்தப் பழைய எஞ்சின்கள் நம்மவர் கைக்கு வந்து சேரும் வழியும் அந்தப் பயணங்கள்தான்.

இவற்றின் வரலாறு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் தொடங்குகிறது. 1877இல் நோர்வேயில் பிறந்து, சிறுபிள்ளையாக அங்கே வந்து சேர்ந்த ஓலே எவின்ரூட், மில்வோக்கி நகரில் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைவலு. எடை 62 இறாத்தல். விளம்பரம் எழுதியதும் வியாபாரத்தைக் கவனித்ததும் அவர் மனைவி பெஸ். ஜோன்சன் சகோதரர்கள் இந்தியானா மாநிலத்தில் தனியாகத் தொடங்கியவர்கள். 1930களின் நடுவில் இரண்டு பெயர்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அதனால்தான் ஐம்பதுகளின் ஜோன்சனுக்கும் எவின்ரூட்டுக்கும் மேலுறையும் நிறமும் வேறாக இருந்தாலும் உள்ளுறுப்புகள் ஒன்றாக இருக்கின்றன. அந்தப் பெருநிறுவனம் 2000 டிசம்பரில் முறிந்துபோனது. அதை வாங்கியவர்கள் 2020இல் எவின்ரூட் எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அறுபது வருடத்துக்கு முந்திய எஞ்சினுக்கு இன்றும் கொயில் வாங்கலாம், பொயின்ற் வாங்கலாம். தீப்பொறியை உண்டாக்கும் ஒரே மக்னீற்றோ அமைப்பைப் பல அளவு எஞ்சின்களுக்குப் பல வருடங்கள் மாற்றாமல் போட்டார்கள். புதுமைக்காக எதையும் மாற்றாத அந்தப் பிடிவாதம் அவர்கள் நமக்குச் செய்த பெரிய உபகாரம்.

இந்த எஞ்சினின் முகப்பில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, மற்றது வேகத்துக்கு. இரண்டும் காற்றோடு சேரும் பெற்றோலைக் கூட்டவும் குறைக்கவும் செய்பவை. எஞ்சின் நொண்டத் தொடங்கினால் மனிதருடைய கை முதலில் போவது அங்கேதான். கருவி தேவையில்லை, உறையைக் கழற்றத் தேவையில்லை, விரலால் திருப்பினால் போதும். திருப்பியவுடன் சத்தமும் மாறுகிறது. பொல்லாத மயக்கம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஏதோ செய்திருக்கிறோம் என்று மனம் நம்பிவிடுகிறது. இரண்டில் ஒரு சிலிண்டர் எரியாமல் செத்துக் கிடந்தால் அதற்கு எதை ஊட்டினாலும் ஒன்றுதான். மாறுவது நல்ல சிலிண்டரின் சத்தம். நோயில்லாத இடத்துக்கு மருந்து கொடுத்து, குணம் தெரிகிறது என்று திருப்திப்படுகிறோம்.

நான் சொல்லும் எஞ்சினில் மெதுவோட்டத் திருகைச் சுற்றியிருந்த எழுத்துகள் அநேகமாக அழிந்துபோயிருந்தன. எத்தனையோ பேருடைய விரல்கள் பட்டுத் தேய்ந்த இடம். அதே எஞ்சினின் உச்சியில், கயிறு சுற்றும் பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது, ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் பெரிய நட்டில் ஸ்பானர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. ஆறு முனைகளும் கூராக, தொழிற்சாலையில் இறுக்கியபடியே இருந்தன. தீப்பொறியை உண்டாக்கும் உறுப்புகள் எல்லாம் அந்த நட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. அறுபது வருடம் முகப்பைத் திருகியிருக்கிறார்கள், ஒருவரும் உள்ளே போகவில்லை. இந்த இரண்டு அடையாளங்களையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது. குற்றம் பெரும்பாலும் கை எட்டும் இடத்தில் இருப்பதில்லை. கை எட்டும் இடத்தில் ஒரு திருகு இருப்பதால் அங்கேதான் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

“திருகைத் தொடாதை தம்பி, அது கடைசி வேலை” என்று சொன்னவர் பருத்தித்துறைப் பக்கத்தில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்திய அண்ணை ஒருவர். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். முழங்கால் நோவோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, என்ன செய்யவேண்டும் என்று வாயால் சொல்வார். கையால் செய்வது மற்றவர்கள். அவர் எதையும் ஊகித்து மாற்றச் சொல்லமாட்டார். “முதல், எது சரியா வேலை செய்யுது எண்டு பார். அதைக் கழிச்சுவிடு. மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்பார்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மோட்டர் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காட்டிப் பிடிக்கவைத்து, சூடு வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பிளக்கை விரைவில் கரியாக்கும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது வீதியோரத்து அன்றாடக் காட்சி. கடலில் போகிறவர்களுக்கு எஞ்சினின் குதிரைவலுவுக்கே எல்லை வைத்திருந்தார்கள், போகும் தூரத்துக்கும் நேரத்துக்கும்கூட. உதிரிப்பாகம் வருவது அரிது, வந்தாலும் கொள்ளை விலை. அப்படியொரு காலத்தில், இதுவாக இருக்குமோ என்று ஒரு கொயிலை வாங்கிப் போட்டு, அதுவல்ல என்றால் அடுத்ததை வாங்கிப் போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றைத்தான் மாற்றமுடியும், அந்த ஒன்று எது என்பது மாற்றுவதற்கு முன்பே தெரிந்தாகவேண்டும். தடையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தடை எஞ்சின்களை மட்டுமல்ல, மனிதர்களையும் தின்றது. ஆனால் அண்ணையின் கேள்விகள் அங்கே உருவானவை. இன்றைக்குப் பொட்டலமாக வீட்டுவாசலுக்கு வரும் உதிரிப்பாகங்கள் நம்மிடம் இருந்து அந்தக் கேள்விகளைப் பறித்துக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். கொயில், கொண்டென்சர், பொயின்ற், பிளக், காபரேற்றர் திருத்தும் பெட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எஞ்சின் சிலவேளை சரியாகிவிடும். எது குற்றம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. சரியாகாவிட்டால் பழைய குற்றம் மிச்சமா, புதிதாக நாமே ஒன்றைச் சேர்த்துவிட்டோமா என்றும் தெரியாது.

அவர் ஒழுங்குப்படி முதல் சோதனைக்குக் குறடு ஒன்றைத் தவிரக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினின் கால் மூழ்கும்படி ஆழமான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, மெதுவாக ஓடவிட்டு, மின்சாரம் பாயாத பிடியுள்ள குறட்டால் மேல் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றி எஞ்சினின் உடம்போடு தொட வைக்க வேண்டும். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் மின்சாரம் வழி தேடிக் கொயிலையே துளைத்துவிடும். கழற்றியதும் எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப மாட்டி, ஓடவிட்டு, கீழ்ச் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஒன்றுமே நடக்கவில்லை. அதே உதறல், அதே சத்தம். நோஞ்சான் மாட்டோடு ஒரே நுகத்தில் கட்டிய நல்ல மாடு வண்டியை இழுத்துக்கொண்டு போவதுபோல, இத்தனை நாளும் மேல் சிலிண்டர் தனியாக இழுத்திருக்கிறது.

அடுத்தது இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பார்ப்பது. மேலே இருந்தது காய்ந்து, மண்நிறத்தில், எரிந்த பிளக் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தது. கீழே இருந்தது கறுப்பாக, எண்ணெயில் நனைந்து, பெற்றோல் மணத்தது. இந்த ஈரம் நல்ல செய்தி. எரிபொருள் அந்தச் சிலிண்டர்வரை வந்து சேர்கிறது என்று அது சொல்கிறது. பிளக் துளையில் அழுத்தமானியை வைத்துக் கயிற்றை இழுத்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. அந்தக் கால எஞ்சின்களில் கொம்பிரெஷன் குறைவுதான். சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலுக்கு மேலே இருந்தால் குறைசொல்ல மாட்டார்கள். எண்ணைவிட, இரண்டும் ஒத்திருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் கரிபிடித்து ஒட்டிய றிங்கையோ காஸ்கற்றையோ தேடிப் போயிருப்போம், அதற்குப் பிறகு காபரேற்றரைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. பிஸ்டன் அழுத்தாத இடத்தில் எந்தத் திருகும் எதையும் சரிசெய்யாது.

பிறகு இரண்டு பிளக்குகளையும் இடம்மாற்றி மாட்டச் சொன்னார். கரி பிடித்ததைத் துடைத்து மேலே, நல்லதைக் கீழே. குற்றம் பிளக்கோடு சேர்ந்து மேலே போகவில்லை, கீழேயே நின்றது. அப்படியானால் பிளக் நல்லது. இரண்டு சிலிண்டர் எஞ்சினின் பெரிய வசதி இது. சரியானது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு முன்மாதிரியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. புத்தகத்தில் தேடவேண்டியதில்லை, பக்கத்துச் சிலிண்டரைக் கேட்டால் போதும்.

கடைசியாகத் தீப்பொறி. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து இழுத்து, பொறி தெரிகிறது, ஆகவே சரி என்று முடிவுகட்டுவது எல்லோரும் செய்வது. வெளிக் காற்றில் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் தாண்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அழுத்தம் கூடக்கூடப் பொறிக்குப் பாதை கடினமாகிறது. அதனால் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர் அளவு திறந்த இடைவெளியை வைத்து அதைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் வயரில் நீலமாக, ‘டக்’ என்ற சத்தத்தோடு தாண்டியது. கீழ் வயரில் ஒரு முறை செம்மஞ்சளாக நூல்போல வந்தது, அடுத்த முறை வரவில்லை. மக்னீற்றோவுக்குப் பற்றரி கிடையாது. ஃபிளைவீலில் பதித்த காந்தம் கொயிலைக் கடந்து ஓடும் வேகத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. வேகம் கூடினால் பொறியும் பலக்கும். மெதுவாக ஓடும்போது உதறிய எஞ்சின் வேகத்தில் சிலவேளை இரண்டு சிலிண்டரிலும் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான். அந்த ஒரு குணத்தைப் பார்த்துத்தான் இத்தனை பேர் மெதுவோட்டத் திருகைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய ஊகம் முட்டாள்தனமானதல்ல. மெதுவாக ஓடும்போது மட்டும் வரும் நோய்க்கு மெதுவோட்டத் திருகைத் தேடுவது இயல்புதான்.

இனி அந்த நட்டு. அதைக் கழற்றினாலும் ஃபிளைவீல் வராது. கூம்பான தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். விளிம்பைப் பிடித்து இழுக்கும் கருவியைப் போட்டால் வீல் வளைந்துவிடும். நடுவே இருக்கும் மூன்று துளைகளில் மூன்று போல்ற்றுகளைப் பூட்டும் இழுவைக் கருவி வேண்டும். நடுத்திருகை இறுக்கி, ஒரு தட்டுத் தட்டினால் திடீரென்று விட்டுவிடும்.

அடியில் ஒரு வட்டத் தகடு. அதில் இரண்டு கொயில், இரண்டு சோடிப் பொயின்ற், இரண்டு கொண்டென்சர். கொயிலைச் சுற்றி வார்த்திருக்கும் பிளாஸ்ரிக்கில்தான் இந்த எஞ்சின்களின் பொதுவான வியாதி தெரியும். அறுபது கோடை சூடாகி, அறுபது மாரி குளிர்ந்து, அது பிளந்துவிடுகிறது. மேல் சிலிண்டருக்கான கொயிலில் இரண்டு மயிரிழைக் கோடுகள். கீழ்ச் சிலிண்டருக்கானதில் ஒரு பக்கமே வெடித்து, ஒரு துண்டு நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது. உள்ளே செப்புக்கம்பிச் சுற்றின்மேல் பச்சை பூத்திருந்தது. ஈரம் புகுந்த வழி அது. உயர் மின்னழுத்தம் பிளக்கைத் தேடிப் போகாமல் அந்த வெடிப்பின் வழியே பக்கத்து இரும்புக்குப் பாய்ந்துவிடும். சூடானால் வெடிப்பு இன்னும் விரியும். காலையில் நன்றாக ஓடி, ஏரியின் நடுவில் நின்றுபோய், ஆறியபின் திரும்பப் பிடித்துக்கொள்ளும் எஞ்சின்களைப் பற்றி எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். பெரும்பாலும் அந்தக் கதைக்குள் இப்படியொரு கொயில் இருக்கிறது.

இரண்டு கொயிலையும் மாற்றத்தான் வேண்டும். ஃபிளைவீல் கழன்றிருக்கும்போதே பொயின்ற்றையும் பார்த்துவிட வேண்டும், நான் மிகவும் விரும்பும் வேலை அது. பொயின்ற் என்பது ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள். அவை பிரியும் கணத்தில்தான் பொறி பிறக்கிறது. பல வருடம் ஓடாமல் கிடந்தால் அவற்றின்மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சாம்பல்நிறப் படலம் ஒன்று படியும். மக்னீற்றோவின் மெல்லிய மின்னோட்டத்தை அந்தப் படலமே தடுத்துவிடும். இடைவெளி 0.020 அங்குலம், அரை மில்லிமீற்றர். தண்டின் மேட்டில் பொயின்ற் முழுதாகத் திறந்து நிற்கும்படி திருப்பி வைத்து, இடைவெளி அளக்கும் தகட்டை நுழைத்து, லேசாகப் பிடிக்கும் அளவுக்குத் திருகை இறுக்க வேண்டும். இறுக்கும்போதே இடைவெளி கொஞ்சம் நகர்ந்துவிடும். திரும்ப அளக்கவேண்டும். இந்த இடைவெளி பொறியின் பலத்தை மட்டுமல்ல, அது எந்தக் கணத்தில் விழும் என்பதையும் தீர்மானிக்கிறது. அதனால் இரண்டு சோடியும் ஒரே அளவில் இருக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நிமிரும்போது அண்ணை கேட்டார்: “அளந்த தகட்டிலை எண்ணெய் இருந்ததோ?” துருப்பிடிக்காமல் இருக்க அந்தத் தகடுகளை எண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். துடைத்துவிட்டு அளந்தாலும் ஒரு பூச்சு மிஞ்சும், அது பொயின்ற்றில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிற்றில் நனைத்த வெள்ளை அட்டைத்துண்டை மூடிய பொயின்ற்றுக்கு இடையே இழுத்தால் சாம்பல் கோடு ஒன்று விழுகிறது. இன்னொரு துண்டு, இன்னும் மெல்லிய கோடு. அட்டை வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுக்கவேண்டும். கடைசியாகக் காய்ந்த அட்டை ஒன்று. புதிய கொயில் போட்டும் பொறி வராமல், கடைக்காரனைத் திட்டிக்கொண்டு கொயிலைத் திருப்பி அனுப்புகிறவர்கள் பலர் தவறவிடுவது இந்த அட்டைத்துண்டைத்தான்.

ஃபிளைவீலைத் திரும்ப வைக்குமுன் கூம்பை எண்ணெய்ப்பசையில்லாமல் துடைத்து, நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கவேண்டும். வீலைப் பிடித்திருப்பது அந்தக் கூம்பின் இறுக்கம். உள்ளே இருக்கும் சிறிய சாவித்துண்டு வீல் எந்தத் திசையில் உட்காரவேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும். தளர்வாக விட்டால் அந்தத் துண்டு நசிந்து, பொறி விழும் நேரம் பிசகி, எஞ்சின் மறுபடியும் நொண்டும்.

காபரேற்றரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பற்றிப் பேசாத மெக்கானிக் இல்லை. கழற்றிக் கழுவவேண்டும். பழைய எஞ்சின்களில் மிதவை தக்கையால் ஆனது, மேலே ஷெல்லாக் பூசியிருப்பார்கள். ஷெல்லாக் அல்கஹோலில் கரையும். ஒன்ராறியோவில் இப்போது சாதாரண பெற்றோலில் எதனோல் என்ற அல்கஹோலைக் கலக்கிறார்கள். பூச்சு கரைந்து, தக்கை பெற்றோலைக் குடித்து, பாரமாகி, மிதக்கவேண்டிய உயரத்தில் மிதக்காது. புதிதாக மாற்றுவதுதான் வழி. ஊசித் திருகுகளைச் சுற்றியிருக்கும் சிறிய பொதிநட்டுகளையும் இறுக்கவேண்டும். அவை தளர்ந்திருந்தால் அதிர்விலேயே திருகு தானாகத் திரும்பிவிடும்.

இதற்குப் பிறகுதான் முகப்புத் திருகுகளுக்கு முறை வருகிறது. இரண்டையும் மெல்ல உட்காரும்வரை மூடி, மெதுவோட்டத் திருகை ஒன்றரைச் சுற்றும் வேகத் திருகை முக்கால் முதல் ஒரு சுற்று வரையும் திறந்து தொடங்குவது வழக்கம். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் எட்டில் ஒரு சுற்றாக மட்டும் மாற்றி, மாற்றியபின் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இருக்கும் கலவை எரிந்து முடிந்து, புதிய கலவை போய்ச் சேர நேரம் எடுக்கும். பெற்றோல் குறைந்தால் காபரேற்றர் வழியே தும்மும். கூடினால் புகைந்து, ஒன்றுவிட்டு ஒன்று எரிந்து, முணுமுணுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும் ஓர் இடம் உண்டு, அதிலிருந்து ஒரு நூலளவு பெற்றோலைக் கூட்டி நிறுத்தவேண்டும். அதே திருகு, அதே விரல். ஆனால் இப்போது அது இரண்டு சிலிண்டருக்கும் பொதுவான ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

தொட்டியில் ஓடுவதை நம்பக்கூடாது. தொட்டித் தண்ணீர் சுழன்று நுரைத்துவிடும், புரொப்பெல்லருக்குப் பாரம் இராது, தன் புகையையே எஞ்சின் திரும்ப இழுக்கும். உண்மை ஏரியில்தான் தெரியும். றைஸ் ஏரியில் இறக்கியபோது அந்த எஞ்சின் முதல்முறையாக உதறாமல் நின்று ஓடியது. முழு வேகத்துக்குத் திருப்பியதும் படகின் மூக்கு எழுந்தது. கொஞ்ச நேரம் போனபின் மெல்ல மெல்லச் சோர்ந்து, வேகம் இறங்கி, குறைத்துவிட்டதும் தேறியது.

திருத்தும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில். முதல் குற்றத்தைத் தீர்த்தபின் இரண்டாவது குற்றம் தலைகாட்டுகிறது. மனம் அதைப் புதிய குற்றம் என்று எடுத்துக்கொள்வதில்லை, முதல் வைத்தியம் பிழைத்துவிட்டது என்றே நினைக்கிறது. உடனே செய்ததை எல்லாம் அவிழ்க்கத் தொடங்குகிறோம். உண்மையில் இரண்டாவது குற்றம் ஆதியிலிருந்தே இருந்தது. ஒரு சிலிண்டரில் நொண்டிய எஞ்சின் முழு அளவு பெற்றோலைக் கேட்கவே இல்லை. இரண்டு சிலிண்டரும் முழுப் பலத்தோடு ஓடியபோதுதான் கேட்டது, கேட்டபோது கிடைக்கவில்லை.

அந்த வருடங்களின் எஞ்சின்களில் பெற்றோல் பம்ப் கிடையாது. தாங்கியிலிருந்து இரட்டைக் குழாய் வரும். ஒன்றின் வழியாக எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து காற்று தாங்கிக்குள் போய் அழுத்தும். அந்த அழுத்தம் மற்றக் குழாய் வழியே பெற்றோலைக் காபரேற்றருக்குத் தள்ளும். தாங்கியின் மூடியில் இருக்கும் றப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் காற்று கசியும். மெதுவாகப் போகும்வரை வரும் பெற்றோல் போதும், வேகத்தில் போதாது. சோர்ந்துபோகும் கணத்தில் தாங்கியின் மேலிருக்கும் கைப்பொத்தானை அழுத்தி அழுத்திவிட்டால் எஞ்சின் உயிர்பெற்று ஓடியது. வேறு சாட்சி வேண்டியதில்லை. கரையில் மூடியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தடவியதும் குமிழி கிளம்பியது. அழுத்தம் ஏற்றிய பெற்றோலைப் படகுக்குள், காலடியில் வைத்திருப்பது ஆபத்தான ஏற்பாடு என்பதையும் சொல்லவேண்டும். 1960ஐ ஒட்டி அதைக் கைவிட்டுப் பம்புக்கு மாறினார்கள். பழைய எஞ்சின்களிலும் பம்ப் பூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, அது நல்ல முடிவு என்பதே என் கருத்து.

திருகைப் போலவே கை அவசரப்படும் இன்னொரு இடம் எண்ணெய்க் கலவை. புகைக்கிறது, பிளக் கறுக்கிறது, ஆகவே பெற்றோலில் கலக்கும் எண்ணெயைக் குறைப்போம் என்று தோன்றும். இந்த எஞ்சினுக்கு 24 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய். 1964ஐ ஒட்டி வந்த எஞ்சின்களுக்குத்தான் 50க்கு 1. பழையவற்றில் தண்டு சுழல்வது வெண்கலப் புஷ்களில். அவற்றுக்கு எண்ணெய் குறைந்தால் புகையும் குறையும், எஞ்சினும் போய்விடும்.

இந்தப் பழைய ரூ-ஸ்ரோக் எஞ்சின்கள் குடிக்கும் எரிபொருளில் கால்வாசி வரை எரியாமலே தண்ணீருக்குள் போகும் என்பது உண்மை. அதை மறைத்துவிட்டு இவற்றின்மேல் அன்பு வைக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு சிலிண்டர் செத்த எஞ்சின் அந்தச் சிலிண்டருக்குப் போகும் கலவை அனைத்தையும் அப்படியே ஏரியில் கொட்டுகிறது. பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொதி வைக்கிறவர்கள் நாங்கள். நொண்டும் எஞ்சினோடு பழகிவிடக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை இன்னும் முடியவில்லை. கீழே கியர்ப்பெட்டியின் திருகை அவிழ்த்தபோது எண்ணெய் பால்நிறத்தில் வந்தது. புரொப்பெல்லர் தண்டின் சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. இதனால் எஞ்சின் நொண்டாது, சத்தத்திலும் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரோடு மாரியைக் கடக்க விட்டால் உறைந்து விரிந்து பெட்டியையே பிளந்துவிடும். சீல் வாங்கியாயிற்று. முதல் உறைபனிக்குள் பழைய எண்ணெயை வடித்து, புதிய சீலைப் போட்டுவிட வேண்டும்.